ஐயாயிரமாவது கதவில் யார்?

"அ... ப்... பா..." என்று உள்ளறையில் தையல்கார அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"சொல்லும்மா," என்றார் அப்பா, லென்ஸ் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"ஐயோ, உங்களைக் கூப்பிடலை டாக்டர். சுவத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

கண்ணாடிக் கடையின் முன்மேசையில் இருந்த மகள் சில்லுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தவழ்கிற வயதில் ஒரு தட்டு லென்ஸை இழுத்துப் போட்டு உடைத்ததற்காகக் கிடைத்த பெயர் சில்லு. பதினேழு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. இன்றைக்கு இன்னொரு பெயரும் கிடைக்கப் போகிறது என்று நினைத்தாள்.

கண் பரிசோதனை எழுத்துகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அவற்றுக்கு அர்த்தம் கிடையாது. மேலே பெரிதாக ஒரு 'ட', கீழே போகப் போகச் சின்னதாக 'ப', 'ம', 'ர' என்று கிடக்கும். யார் படித்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் இன்றைக்கு உள்ளறைச் சுவரில் மாட்டிய ஸ்கிரீனில் அர்த்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்து வரியில், மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே:

அப்பா
எனக்குக் கண்ணைப் பாத்தாலே தலை சுத்துது
அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்
வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க
கோவப்படாதீங்க

எழுதியது அவள்தான். யாரிடமும் சொல்லாததை எங்கேயாவது எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது. பேப்பரில் எழுதினால் அம்மா கண்ணில் படும். போனில் எழுதினால், அப்பா தன் போன் எங்கே என்று தேடுவதற்கே அவள் போனைத்தான் வாங்குவார். மிச்சம் இருந்தது, முன்மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளறை ஸ்கிரீனுக்கு எழுத்துப் பலகையை அனுப்ப அவள் எழுதிய ப்ரோக்ராமின் சோதனைப் பிரதி ஒன்றுதான். அதற்கு ஐந்து வரி தேவைப்பட்டது. அவளிடமும் சரியாக ஐந்து வரிதான் இருந்தது.

"பரவாயில்லையே, வார்த்தையா போட்டிருக்காளா?" அப்பாவின் குரலில் ஒரு பூரிப்பு. "அதுவும் முதல் வார்த்தையே அப்பா! பாத்தீங்களா, பொண்ணுன்னா பொண்ணுதான். சரி, ரெண்டாவது வரி?"

"எ... ன... க்..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினார்.

சில்லு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாதி திறந்திருந்த கதவு வழியாக அக்காவின் முகம் தெரிந்தது. கண்ணைச் சுருக்கினார். விரித்தார். வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது.

"தெரியலை டாக்டர்," என்றார் கடைசியில். "ஒரே புகையா இருக்கு."

கடவுளே, இந்த அக்கா கண்ணுக்குக் கோடி புண்ணியம் என்று சில்லு மனதுக்குள் கும்பிட்டாள். அப்போது ஒரு விஷயம் உறைத்தது. பார்வை மங்கலாக இருக்கிற ஒருத்தர் எதிரே அப்பா நிற்கிறார். அப்பாவின் தொழிலே அந்த மங்கலைப் போக்குவதுதான். ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். சரியான லென்ஸ் விழுகிற நொடியில் அக்கா ஐந்து வரியையும் மணி மணியாக வாசித்துவிடுவார், அதுவும் சத்தமாக.

அப்பா மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது ஒரு சின்ன ஆறுதல். லென்ஸில் இருக்கும் பொடி நம்பரைப் பார்க்க அவர் கிட்டத்துக் கண்ணாடி போட்டிருந்தார். அதோடு சுவரைப் பார்த்தால் அவருக்கும் புகைதான். தூரத்துக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அது பையிலேயே இருக்கும்வரை அவள் பிழைத்தாள்.

முன்மேசைக் கம்ப்யூட்டரில் அசல் பலகை ப்ரோக்ராமை ஓட்டினாள். அது ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது: இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.

மறுபடி ஓட்டினாள். அதே பதில். கொஞ்சம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினாள். கம்ப்யூட்டருக்குக் கெஞ்சலெல்லாம் புரியாது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்து, வேலை கிடைத்ததும் தூரமாய்ப் போய்விட்டவன் அவன். அவன் போன அன்றுதான் அப்பா, "அவன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழட்டும். நீயாவது கண் படிப்பு படிச்சு இந்தக் கடையைப் பாத்துக்கோடா தங்கம்," என்றார். அந்த 'தங்கம்' தான் அவளைக் கட்டிப் போட்டது. அதற்கு எதிராக எதையும் சொல்ல முடியவில்லை.

"மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் சொல்லு," என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

"அட்ரஸ் யூஸ்ல இருக்காம்."

"அப்ப அந்த போர்ட்ல வேற யாரோ உக்காந்திருக்காங்க. எந்த போர்ட்?"

"ஐயாயிரம்."

"யாரு உக்காந்திருக்கா?"

"நான்தான்."

"என்னது?"

"என்னோட சோதனைப் பிரதி. காலைல எழுத்து சைஸ் சரியா வருதான்னு பாக்க ஒரே ஒரு தடவை ஓட்டினேன். அப்புறம் அந்த ப்ரோக்ராம் ஜன்னலை மூடிட்டேனே!"

"ஜன்னலை மூடினா ஆள் போயிடுமாடி? விளக்கை அணைச்சுட்டு உள்ளேயே உக்காந்திருக்கும். சரி, சோதனைதானே, நூத்தி இருபத்தேழுலதானே கட்டியிருக்கே? வெளியில யாருக்கும் தெரியாதே."

அங்கேதான் கோளாறு. ஒரு ப்ரோக்ராம் வெளியிலிருந்து வரும் பேச்சைக் கேட்க வேண்டுமானால், முதலில் தனக்கு ஒரு முகவரியையும், போர்ட் என்கிற கதவு எண்ணையும் கட்டிக்கொள்ள வேண்டும். நூற்று இருபத்தேழில் தொடங்கும் முகவரியைக் கட்டினால் அந்தக் கம்ப்யூட்டர் தன் காதோடு தானே பேசிக்கொள்ளும், அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. இத்தனை நாளும் அவள் அந்த ஐந்து வரியை அப்படித்தான் பூட்டி வைத்திருந்தாள். காலையில் மட்டும், உள்ளறை ஸ்கிரீனில் பார்ப்பதற்காக, அதை அழித்துவிட்டு நான்கு சுழியம் போட்டாள். நான்கு சுழியம் என்றால் எந்த வாசல் வழியாக யார் வந்து கேட்டாலும் பதில் சொல் என்று அர்த்தம். ஸ்கிரீன் வந்து கேட்டது. பதில் கிடைத்தது.

"நாலு சுழியமா?" அண்ணன் குரல் உயர்ந்து, பிறகு இருமலாக மாறியது. "அதுல என்ன எழுதியிருக்கே?"

"அது எதுக்கு உனக்கு?"

"சரி சரி. வேற போர்ட் குடுத்து ஓட்டு. வைக்கறேன்."

ஐயாயிரத்து ஒன்று என்று மாற்றினாள். ஓட்டினாள். ஓடியது! எந்தப் புகாரும் இல்லை. சில்லு முஷ்டியை உயர்த்திவிட்டு உள்ளறையை எட்டிப் பார்த்தாள். ஸ்கிரீனில் 'அப்பா' அப்படியே இருந்தது.

இருக்காதா பின்னே? ஸ்கிரீனுக்குத் தெரிந்தது ஐயாயிரமாவது கதவு மட்டும்தான். அடுத்த கதவில் நல்ல பிள்ளையாக 'ட ப ம ர' சொல்லிக்கொண்டிருந்த ப்ரோக்ராமிடம் போய்க் கேட்க உலகத்தில் ஓர் ஆள் கிடையாது.

"இது எப்படி இருக்கு?" உள்ளே அப்பா ஒரு லென்ஸைச் செருகினார்.

"அதே புகைதான் டாக்டர்."

"இது?"

"ம்ஹூம்."

"விசித்திரமா இருக்கே. ஊசி கோக்க முடியலைன்னுதானே வந்தீங்க? தூரப் பார்வை எப்போ இப்படிப் போச்சு?"

"அதுவும் கூடவே போயிடுச்சு போல."

"அப்ப ரோட்டை எப்படித் தாண்டறீங்க?"

"பழக்கம்தான் டாக்டர்."

அப்பா கவலையாகிவிட்டார். "சில்லு! எழுத்தை ரெண்டு படி பெருசு பண்ணு!"

முன்மேசை விசைப்பலகையில் கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். அந்த வசதியையும் அவளே கெட்டிக்காரத்தனமாகச் செய்து கொடுத்திருந்தாள். தட்டாமல் இருந்தால் அப்பாவே வெளியே வருவார். வந்தால் மேசையில் இருக்கும் ஸ்கிரீனைப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். ஐயாயிரமாவது கதவில் உட்கார்ந்திருந்த சோதனைப் பிரதி, அப்படியே அவளைப் போலவே கீழ்ப்படிந்தது. தலை சுற்றுகிற வரி இப்போது சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நின்றது.

"இப்பவாவது தெரியுதா?"

"பெருசா ஏதோ இருக்குன்னு தெரியுது," என்றார் அக்கா. "என்னன்னுதான் பிடிபடலை."

இனி ப்ளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி. ஆனால் ப்ளக் ஸ்கிரீனுக்குப் பின்னால், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. குறைந்தபட்சம் எதிரே நின்று மறைக்கலாம். சில்லு ஒரு துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "தூசியா இருக்குப்பா, துடைச்சுடறேன்," என்று ஸ்கிரீன் முன்னால் கையை அகல விரித்து நின்றாள். அவள் அகலத்துக்கு இரண்டாவது வரியில் 'கண்ணைப்' மட்டும்தான் மறைந்தது.

"நல்ல நேரத்துல வந்தே," என்றார் அப்பா. "இங்க வா. இது நீ படிக்கப் போற விஷயம். இப்பவே பாத்துக்கோ." அக்காவின் இமையைக் கட்டைவிரலால் மேலே தூக்கி, சின்ன டார்ச்சை அடித்தார். "பக்கத்துல குனிஞ்சு பாரு. உள்ள சிவப்பா நரம்பு தெரியுதா?"

சில்லு குனிந்தாள். ஈரமாக, பெரிதாக, ஒரு கண். அது அசைந்தது. அறையும் அதோடு சேர்ந்து அசைந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதுப்பா, ரொம்ப நல்லாத் தெரியுது," என்றாள், வேறு பக்கம் பார்த்தபடி.

தையல்கார அக்கா ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவளை.

"டாக்டர், பாப்பா முகம் வெளிறிப் போச்சு. போய்த் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

"சாப்பிடாம வந்திருப்பா. போம்மா, போய் உக்காரு."

முன்மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்ததும் முடிவு செய்துவிட்டாள். கொன்றுவிடுவது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்களின் பட்டியலில் அந்தச் சோதனைப் பிரதியைத் தேடிப் பிடித்து, ஈவு இரக்கமில்லாமல் முடித்தாள். பிறகு அசலை மறுபடி ஐயாயிரத்துக்கே மாற்றி ஓட்டினாள்.

இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.

"யாருடா அது!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தியே விட்டாள்.

"என்னம்மா?" உள்ளேயிருந்து அப்பா.

"கொசுப்பா!"

எட்டிப் பார்த்தாள். ப்ரோக்ராம் செத்துவிட்டது. ஆனால் ஸ்கிரீனில் ஐந்து வரியும் உயிரோடு இருந்தன. பேச்சு அறுந்தால் கடைசியாக வந்ததையே பிடித்துக்கொண்டிரு, புது ஆள் வரும்வரை விடாதே என்று ஸ்கிரீனுக்குச் சொல்லி வைத்ததும் அவள்தான். கஸ்டமர் முன்னால் சுவர் வெறுமையாக நின்றால் மானக்கேடு என்று அப்பா கேட்டிருந்தார்.

அண்ணனுக்கு மறுபடி போன்.

"ஆளைக் கொன்னுட்டேன். அப்பவும் இடம் காலியாகலை!"

"மெதுவா பேசுடி, ஸ்பீக்கர்ல விழப்போகுது. ஆள் போனாலும் கதவு கொஞ்ச நேரம் பூட்டியேதான் இருக்கும். பழைய பேச்சு ஏதாவது வழியில கிடந்து வந்து சேரும்னு சிஸ்டம் காத்துக்கிட்டு இருக்கும். தானா விட்டுடும், பொறு."

"பொறுக்கற நிலைமையில நான் இல்லைண்ணா!"

"அப்ப, கட்டறதுக்கு முன்னாடி, பூட்டியிருந்தாலும் அதே கதவை உடனே குடுன்னு கேக்கற ரீயூஸ் அட்ரஸ் வரியைப் போட்டியா?"

"எந்த வரி?"

"கிழிஞ்சுது. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீ 'ம் ம்'ங்கிறப்பவே நினைச்சேன். போன்ல அனுப்பறேன், அப்படியே போடு. எழுத்து மாறாம."

உள்ளே அப்பா கனமான லென்ஸ்களுக்கு வந்திருந்தார். அக்காவின் மூக்கின் மேல் இருந்த சோதனைக் கண்ணாடிச் சட்டம் பாரம் தாங்காமல் சரிந்தது. அந்த லென்ஸ்கள் வழியாக அக்காவின் கண்கள் மீன் தொட்டிக் கண்களாகத் தெரிந்தன.

"இதுக்கு மேல என்கிட்ட லென்ஸே இல்லைம்மா," என்றார் அப்பா. லென்ஸ் பெட்டியை மூடி வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும் போல. பயப்படாதீங்க. ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணி, அந்த ரெண்டாவது வரியை..."

"வேண்டாம் டாக்டர். இதுக்கு மேல படிச்சா எனக்குக் கண்ணு கலங்குது."

"சில்லு! எழுத்தைச் சின்னது பண்ணு, ஒரு சோதனை பாக்கறேன்!"

சில்லு அண்ணன் அனுப்பிய வரியை அடித்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப் போனது. ப்ரோக்ராம் வேறு மாதிரித் திட்டிவிட்டுப் படுத்தது.

"சில்லு, என்ன பண்றே? மாறவே இல்லைன்னு அக்கா சொல்றாங்க!"

"இதோப்பா!"

"இது கண்ணுக் கோளாறு இல்லை, ஸ்கிரீன் கோளாறுன்னு நினைக்கறேன். இரு, நானே பாக்கறேன்."

சட்டைப் பைக்குள் அப்பாவின் கை போனது. தூரத்துக் கண்ணாடி வெளியே வந்தது. வழக்கம்போல அதில் கைரேகை இருந்தது. எந்தக் கண்ணாடியையும் துடைக்காமல் போடுவது அப்பாவின் தொழில் தர்மத்துக்கு விரோதம். துணியை எடுத்தார். இடது பக்கம் ஊதித் துடைத்தார். சில்லு விட்டுப்போன எழுத்தைத் தேடினாள். வலது பக்கம் ஊதினார். கண்டுபிடித்தாள். துடைத்தார். போட்டாள். கிட்டத்துக் கண்ணாடியைக் கழற்றி, தூரத்துக் கண்ணாடியை மாட்டினார். அவள் ஓட்டினாள்.

புகார் வரவில்லை.

அப்பா திரும்பினார்.

சுவரில் 'ட' இருந்தது. அதன் கீழே 'ப ம'. அதன் கீழே இன்னும் பொடியாக, அர்த்தமே இல்லாமல், அழகாக, எழுத்துகள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

சில்லு மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. 'ட' மாதிரி ஓர் அழகான எழுத்து எந்த மொழியிலும் இருக்காது என்று அந்த நிமிடத்தில் அவள் சத்தியம் செய்யத் தயார்.

"லென்ஸையெல்லாம் கழட்டிடறேன், முதல்லேர்ந்து பாப்போம்," என்றார் அப்பா. "இப்போ படிங்க."

"ட... ப, ம... ர, ய, ட..." தையல்கார அக்கா தடதடவென்று வாசித்துக்கொண்டே இறங்கினார். கடைசி வரியும் முடிந்து, ஸ்கிரீன் அடியில் கம்பெனிக்காரன் பொடியாகப் போட்டிருந்த எழுத்தையும் வாசிக்கப் போனார்.

"போதும் போதும்!" அப்பாவுக்கு உயிர் வந்தது. "அதானே பாத்தேன்! ஸ்கிரீன்தான் ஏதோ சொதப்பியிருக்கு. என் வயித்துல புளியைக் கரைச்சுட்டீங்களேம்மா! உங்களுக்குக் கிட்டத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி போதும். இருங்க, பின்னால போய் லென்ஸ் எடுத்துட்டு வரேன்." போகிற போக்கில் முன்மேசைப் பக்கம் எட்டி, "அந்த 'அப்பா'வை மட்டும் எடுத்துடாதே, என்ன? நல்லா இருந்துது," என்று சொல்லிவிட்டுச் சீட்டி அடித்துக்கொண்டே போனார்.

சில்லு முதல் வேலையாகச் சோதனைப் பிரதியைத் திறந்து, நான்கு சுழியத்தை அழித்துவிட்டுப் பழைய முகவரியைக் கட்டினாள். இனி அது தன் காதோடு தானே பேசிக்கொள்ளட்டும். யாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

தையல்கார அக்கா வெளியே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பைக்குள் கையை விட்டு, வெள்ளை வெளேரென்று ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். அப்பா ஆசை ஆசையாகச் சொல்லித் தைக்கக் கொடுத்திருந்த கோட்டு. உடம்பு முடிந்திருந்தது. கை இரண்டும் தனியாகக் கிடந்தன.

"கொஞ்சம் எந்திரி பாப்பா, தோள் அளவு பாக்கணும்."

சில்லு எழுந்து நின்றாள். அக்கா அளவு நாடாவை அவள் தோளில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு ஊசித் துளை மட்டும்தான் தெரியாது பாப்பா. சுவத்துல இருந்த அஞ்சு வரியும் உக்காந்த உடனேயே தெரிஞ்சுது. இப்பச் சொல்லு, இந்தக் கோட்டுக்குக் கை வைக்கவா, வேண்டாமா?"